அசைவை விட்டுத் தொலைவைப் பெறுதல்: கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசியின் வடிவமைப்பு வரலாறு – செஞ்சி, மேல்மலையனூர் நிலப்பரப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1990-களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் அமைப்பு, ஐரோப்பிய வீட்டுத் தொலைபேசித் தரம் ஒன்றை இந்திய ஊரகத்திற்கு மாற்றியமைத்த முயற்சியாகும். அம்மாற்றத்தின் மின்னணுவியல் உள்ளடக்கத்தையும் அதன் பின்னிருந்த விலைக் கணக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பயனரின் அசைவைக் கைவிட்டு அலையின் தொலைவைப் பெறுதல் என்னும் ஒரே முடிவே அவ்வமைப்பின் வலிமைக்கும் பின்னடைவிற்கும் காரணம் என இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கார்டெக்ட், டெக்ட் தரம், அலைக்கற்றை, நேர்க்கோட்டுப் பாதை, ஊரகத் தொலைத்தொடர்பு, செஞ்சி, மேல்மலையனூர்

முன்னுரை

தமிழகத்தில் கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிச் சங்கத்தில் தொடங்கி, 1930-இல் சென்னை மாநகராட்சி நடத்திய ஒலிபரப்பைத் தொட்டு, 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் திறக்கப்பட்டதோடு நிறுத்திக்கொள்வர். அது ஒலிபரப்பின் வரலாறு. நிகழ்ச்சிகளின், குரல்களின், கேட்போரின் வரலாறு. அந்தக் குரலைச் சுமந்த கருவியை யார், எங்கே, எதற்காக வடிவமைத்தனர் என்ற வினா அதில் எழுவதில்லை. எழுவதற்கு இடமும் குறைவு. கருவிகள் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவை.

வானொலி அலைவெண் மின்னணுக் கருவிகளைத் தமிழ்நாட்டிலேயே வடிவமைத்து, உற்பத்திக்குக் கொண்டுசென்ற பெரிய முயற்சி அதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின்னரே நிகழ்ந்தது. அதுவே கார்டெக்ட். அதைப் பற்றிய எழுத்துகள் இருவகையின. ஒன்று பொறியியல் கட்டுரை. மற்றொன்று ஊரக வளர்ச்சி மதிப்பீடு. முன்னது சுற்றுகளையும் நெறிமுறைகளையும் பேசும். பின்னது கிராம இணைய மையங்கள் ஏன் மூடப்பட்டன என்று கேட்கும். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் இடம் வடிவமைப்பு முடிவுகளே. அவற்றை நிலத்தின் மேல் வைத்துப் பார்ப்பதற்காக விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியையும் அதிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள மேல்மலையனூரையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவ்விரு ஊர்களும் இங்கு அளவுகோல்கள். கார்டெக்ட் நிறுவப்பட்ட களங்களாகக் கூறப்படவில்லை.

கார்டெக்டுக்கு முன்: இரு வாய்க்கால், பதினைந்து ஊர்

1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் ஊரகத்திற்கென 128 இணைப்புகள் கொண்ட தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்தது. குளிர்சாதனம் இல்லாத அறையில், இந்திய வெப்பத்திலும் தூசியிலும் இயங்க வேண்டும் என்பதே அதன் முதன்மை நிபந்தனை. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் இணைப்பகம் நிறுவப்பட்டது. ஆனால் இணைப்பகத்தைத் தாண்டிய கம்பிச் சிக்கல் அப்படியே நின்றது. ஓர் இணைப்பகத்திலிருந்து ஐந்து, பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூருக்குச் செம்புக் கம்பி இழுப்பது செலவு மிகுந்தது. இழுத்த கம்பி களவு போவதும் உண்டு.

அதற்கு மாற்றாகத் தொலைத்தொடர்புத் துறை பல்லணுகு ஊரக வானொலி என்னும் அமைப்பை நாடெங்கும் நிறுவியது. இரண்டு வானொலி வாய்க்கால்களைப் பதினைந்து ஊர்கள் பகிர்ந்துகொள்வது அதன் பரவலான வடிவம். ஊருக்கு ஒரு பொதுத் தொலைபேசி. ஒரே நேரத்தில் இரண்டு ஊர்கள் பேசினால் மூன்றாவது ஊர் காத்திருக்க வேண்டும். இக்கருவிகள் அடிக்கடி பழுதுற்றன. பழுது நீக்க ஆளும் உதிரி உறுப்பும் வருவது அரிதாயிற்று. பின்னாளில் 1,80,000-க்கும் மேற்பட்ட கிராமப் பொதுத் தொலைபேசிகளில் இவ்வமைப்பையே முற்றாக மாற்ற நேர்ந்தது என்பது அத்தோல்வியின் அளவைக் காட்டும். கார்டெக்ட் வரலாற்றில் இம்முன்கதை போதிய அளவு பேசப்படவில்லை. கிராமத்திற்குக் கம்பியில்லாத் தொடர்பு என்ற எண்ணம் 1990-களில் புதிதன்று; ஏற்கெனவே ஒருமுறை செய்து, நம்பிக்கை இழந்திருந்த எண்ணம் அது.

விலையிலிருந்து தொடங்கிய வடிவமைப்பு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல், கணினியியல் துறைகளைச் சேர்ந்த அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் முதலிய ஆசிரியர்கள் 1990-களின் நடுப்பகுதியில் டெனெட் என்னும் தொலைத்தொடர்பு, கணினி வலையமைப்புக் குழுவாக இணைந்து செயல்பட்டனர். அக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் நிறுவனமும், சில்லுகளை அளித்த அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் இம்முயற்சியின் மற்ற இரு தூண்கள்.

ஜுன்ஜுன்வாலா தம் உரைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப முன்வைத்த கணக்கு எளியது. அன்று ஒரு தொலைபேசி இணைப்பை நிறுவ ஆகும் முதலீடு ஏறத்தாழ ரூ.30,000. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு முதலீட்டில் ஏறத்தாழ 35 விழுக்காடாவது வருவாயாகத் திரும்ப வேண்டும். அதாவது ஆண்டிற்கு ரூ.10,500, மாதம் ரூ.875. இத்தொகையைக் கட்டவல்ல இந்தியக் குடும்பங்கள் மிகச் சில. முதலீடு ரூ.10,000 ஆகக் குறைந்தால் மாதச் சுமை ரூ.300-க்குக் கீழே வரும், கட்டவல்லோர் பன்மடங்காவர். மேலைநாடுகளில் தொலைபேசி ஏற்கெனவே எல்லா வீடுகளிலும் இருந்ததால் அங்குள்ள ஆய்வுக்கூடங்கள் விலைக்குறைப்பை நாடவில்லை, புதிய வசதிகளையே நாடின என்பது அவர் வாதத்தின் மறுபாதி. இக்கணக்கை வெறும் பரப்புரையாகக் கொள்ளலாகாது. முதலீட்டின் பெரும்பகுதி இணைப்பகத்திற்கும் வீட்டிற்கும் இடையிலான பகுதியில் முடங்குவதால், வடிவமைப்பாளர் கைவைக்க வேண்டிய இடம் எது என்பதை இக்கணக்கே சுட்டிக்காட்டிற்று.

டெக்ட் தரமும் அதன் எல்லையும்

குழு தேர்ந்தெடுத்த அடிப்படை, ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1992-இல் வெளியிட்ட டெக்ட் தரம். அது வீட்டிற்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் கையில் எடுத்துச் செல்லும் கம்பியற்ற தொலைபேசிக்கானது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை பத்து ஊர்தி அலைகள். ஒவ்வோர் அலையும் 10 மில்லிநொடிச் சட்டத்தில் 24 நேரக்கூறுகள். 12 போக, 12 வர. பேச்சு நொடிக்கு 32 கிலோபிட் வீதத்தில் குறியீடாக்கப்படுவதால் கம்பித் தொலைபேசிக்கு நிகரான தெளிவு கிட்டும். எந்த அலையில், எந்த நேரக்கூறில் பேசுவது என்பதைக் கருவியே அவ்வப்போது அளந்து தேர்ந்துகொள்வதால், அலைவெண் திட்டமிடும் வல்லுநர் ஊருக்கு ஊர் தேவையில்லை. ஊரகத்திற்கு இந்தக் கடைசிப் பண்பு பெரும் பேறு.

குறை தொலைவில் இருந்தது. டெக்ட் கருவியின் உச்ச ஆற்றல் 250 மில்லிவாட். 1890 மெகாஹெர்ட்ஸில் 10 கி.மீ. வெற்றுவெளியைக் கடக்கும் அலை 118 டெசிபெல் இழக்கும். 250 மில்லிவாட் என்பது 24 டெசிபெல்-மில்லிவாட். கழித்தால் மறுமுனையில் எஞ்சுவது மைனஸ் 94. தரம் கோரும் ஏற்புத்திறனோ மைனஸ் 83. ஆக, தடையே இல்லாத வெளியிலும் 11 டெசிபெல் பற்றாக்குறை. கையில் பிடித்த கருவியில் இதை நிரப்ப வழியில்லை. அதன் ஆன்டெனா எல்லாத் திசையையும் பார்க்க வேண்டும். கருவியைச் சுவரில் அறைந்துவிட்டால் நிலை மாறுகிறது. கூரைமேல் ஒரு திசைநோக்கு ஆன்டெனாவை அடிநிலையத்தை நோக்கிக் கட்டிவிடலாம். இரு முனைகளின் பெருக்கமும் சேர்ந்து பற்றாக்குறையை அடைத்து, மங்கலுக்கென ஓரளவு மிச்சமும் தரும்.

இதுவே கார்டெக்டின் மையமான பேரம். பயனர் நடமாட மாட்டார் என்று ஏற்றுக்கொண்டதால், ஒரு வீட்டுக்குள் சில பத்து மீட்டர் செல்ல வகுக்கப்பட்ட அலை 10 கி.மீ. சென்றது.

ஆற்றலோடு நேரமும் இடர் தந்தது. டெக்டின் ஒரு நேரக்கூறு 417 மைக்ரோநொடி. அதன் இறுதியில் பாதுகாப்பு இடைவெளியாக 56 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 49 மைக்ரோநொடி விடப்படுகிறது. 10 கி.மீ. சென்று திரும்ப அலைக்கு 67 மைக்ரோநொடி ஆகும். தொலைவிலுள்ள வீட்டின் விடை, அடுத்தவருடைய நேரக்கூறுக்குள் நுழைந்துவிடும். சந்தாதாரர் கருவி தன் தொலைவிற்கேற்ப முன்கூட்டியே அனுப்பத் தொடங்கும் நேரத் திருத்தத்தால் இது தீர்க்கப்பட்டது. இதுவும் கருவி நிலையாக இருப்பதால் எளிதான தீர்வு. 10 கி.மீட்டருக்கு அப்பால் இடைமாற்று அடிநிலையம் ஒன்றின் வழியாக 25 கி.மீ. வரை எட்ட முடிந்தது. குறியீடாக்கம், பண்பேற்றம் போன்ற பணிகளில் பெரும்பகுதியை எண்முறைக் குறிகைச் செயலிகளில் மென்பொருளாக எழுதியதால், தனிச் சில்லு வார்க்கும் பெருஞ்செலவு தொடக்கத்தில் தவிர்க்கப்பட்டது.

இணையத்திற்கான ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் மோடம் வழி இணையம் பார்ப்பவர், பார்த்து முடிக்கும்வரை தொலைபேசி இணைப்பகத்தின் ஒரு வழியை அடைத்துக்கொண்டிருப்பார். கார்டெக்டில் தரவு, குரலிலிருந்து முன்னதாகவே பிரிக்கப்பட்டு, இணைப்பகத்தைத் தொடாமல் இணைய வலையமைப்பிற்குச் சென்றது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அன்றைய நகர்ப்புற மோடத்தோடு ஒப்பிட இது குறைவன்று.

செஞ்சி மலையும் பனைமரமும்

காகிதத்தில் 10, 25 என்று எழுதப்படும் கிலோமீட்டர்கள் நிலத்தில் எவ்வாறு பொருள்படும்? செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். 240 மீட்டர் உயரத்திலிருந்து வானொலித் தொடுவானம் கணக்கின்படி 64 கி.மீ. தொலைவில் அமையும். மேல்மலையனூர் அதற்குள் நன்கு அடங்கும். கோட்டை கட்டியோர் உயரத்தைத் தேர்ந்தது பார்வைக்காக. கம்பியில்லாப் பொறியாளர் உயரம் தேடுவதும் அதற்காகவே. ஆயினும் இராஜகிரி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஆன்டெனா நிறுவுவது பற்றிப் பேசவே இடமில்லை. எனவே சமவெளியில் கோபுரம் எழுப்ப வேண்டும்.

சமவெளிக் கணக்கு கடுமையானது. அடிநிலையக் கோபுரம் 35 மீட்டர், வீட்டு ஆன்டெனா 6 மீட்டர் எனக் கொள்வோம். 10 கி.மீ. பாதையின் நடுவில் அலைக்கோடு நிலத்திலிருந்து 20.5 மீட்டர் உயரத்தில் செல்லும். புவியின் வளைவு அதில் 1.5 மீட்டரை எடுத்துக்கொள்ளும். அலை ஒரு கோடாகச் செல்வதில்லை. ஃப்ரெனல் மண்டலம் எனப்படும் நீள்வட்ட வெளியில் பரவிச் செல்கிறது. நடுப்பகுதியில் அதன் ஆரம் 20 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாகிய 12 மீட்டராவது தடையின்றி இருத்தல் வேண்டும். மீதம் 7 மீட்டர். ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பனைமரம் இதைவிட மும்மடங்கு உயரம் வளரும். செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்கு நேரே 20 கி.மீ. இடைமாற்றுப் பாதை அமைப்பதானால் வளைவுக்கு 6 மீட்டர், ஃப்ரெனல் வெளிக்கு 17 மீட்டர், மரத்திற்கு 20 மீட்டர் என இருபுறமும் 43 மீட்டர்க் கோபுரங்கள் வேண்டும். ஊரகக் கம்பியில்லா அமைப்பின் செலவில் கோபுரம் முந்திக்கொள்வது இவ்வாறுதான். மின்னணுக் கருவி ஆண்டுதோறும் மலிவாகும். இரும்பும் சிமெண்டும் ஆவதில்லை.

மேல்மலையனூர் இன்னொரு வகையிலும் படிப்பினை தருவது. ஓர் அடிநிலையத்தில் ஒரே நேரத்தில் 12 பேச்சுகள். நூற்றுக்கு ஓர் அழைப்பே தடைபடலாம் என்று வைத்தால், எர்லாங் கணக்குப்படி 12 வாய்க்கால்கள் 5.88 எர்லாங் சுமையைத் தாங்கும்; ஆளுக்கு 0.1 எர்லாங் என்றால் 58 சந்தாதாரர்கள். ஊருக்குள் வாழ்வோருக்கு இது பொருந்தும். அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் இரவில் திரளும் மக்கள் வெள்ளத்திற்கு இக்கணக்கு எவ்வகையிலும் பொருந்தாது. கார்டெக்டின் வடிவமைப்பில் அந்தப் பயணிக்கு இடமே இல்லை. வீடு உள்ளவருக்கே, அதுவும் சுவர் உள்ளவருக்கே அது தொலைபேசி. இதைக் குறையாகச் சொல்வதைவிட, எந்த மனிதரை மனத்தில் வைத்து ஒரு கருவி வடிவமைக்கப்பட்டது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

ஊருக்குள் சென்ற அமைப்பு

கார்டெக்ட், குரோம்ப்டன் கிரீவ்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமமாக வழங்கப்பட்டது. ஊரக இணையத்திற்கென டெனெட் குழுவின் துணையோடு என்-லோக் நிறுவனம் தோன்றியது. ஒரு சிறு நகரில் உள்ளூர்ப் பங்காளர் ஒருவர் கோபுரமும் இணைப்பகமும் நடத்துவார். சுற்றிலும் 25 கி.மீ. அளவிலுள்ள ஊர்களில் ஏறத்தாழ ரூ.50,000 முதலீட்டில் தனியாள் ஒருவர் இணைய மையம் நடத்துவார். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய சாரித் திட்டம் இதன் பெயர்பெற்ற களம். அம்மையங்களில் மின்னஞ்சல், சான்றிதழ் விண்ணப்பம், கணினிப் பயிற்சி ஆகியவற்றோடு, கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பும் வசதியும் இருந்தது. சில ஆண்டுகளில் மையங்கள் பல மூடப்பட்டன. வருவாய்க் குறைவும், அரசுச் சேவைகளுக்கான ஆதரவு தளர்ந்ததும், பராமரிப்புச் சிக்கலும் காரணங்களாக மதிப்பீட்டாளர்களால் கூறப்பட்டன.

செஞ்சிக்கு அருகிலேயே வேறு வழியும் கையாளப்பட்டது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை மையமாக்கித் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அது புதிய கருவி எதையும் வடிவமைக்கவில்லை. சந்தையில் கிடைத்த இருவழி வானொலிக் கருவிகளைக் கணினியோடு இணைத்து, சூரிய மின்னாற்றலின் துணையுடன் குரலையும் தரவையும் அனுப்பியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு வாசிக்கப்பட்டது. வடிவமைப்பாளர் பார்வையில் இது ஒட்டுவேலை. ஆனால் ஒலிபெருக்கிக்குச் சந்தா வேண்டியதில்லை. கடைசி நூறு மீட்டர்ச் சிக்கலை அது ஒரே வீச்சில் தாண்டியது.

பேரம் கைவிட்டுப்போன விதம்

2001 ஜனவரியில் மைய அரசு, நிலைத் தொலைபேசி உரிமம் பெற்றோர் கம்பியில்லா உள்ளூர் இணைப்பில் வரையறுக்கப்பட்ட நடமாட்டம் தரலாம் என்று நெறிமுறை வகுத்தது. அதே உரிமத்தின் கீழ் இப்போது சி.டி.எம்.ஏ. கைக்கருவிகளை விற்கலாம், அவை ஊருக்குள் நடமாடும். சுவரில் அறைந்த கருவியை அதே விலைக்கு யார் வாங்குவர்? 2003 மே முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு நவம்பரில் ஒருங்கிணைந்த அணுகு உரிமம் வந்தது. உலகளாவிய உற்பத்திப் பெருக்கத்தால் கைப்பேசிக் கருவியின் விலையும் சரிந்தது. கார்டெக்ட் பயனரிடமிருந்து எதை விட்டுக்கொடுக்கச் சொன்னதோ அதுவே சந்தையின் முதல் விருப்பமாயிற்று. தரவிலும் 70 கிலோபிட் விரைவில் பழமையானது.

அலைக்கற்றை என்ற சொல் பத்தாண்டு கழித்து ஊழல் வழக்கின் வழியாகவே பொதுமக்கள் பேச்சில் நுழைந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். 1990-களில் அது சில பொறியாளர்களும் அலுவலர்களும் மட்டும் அறிந்த பொருள். எந்தத் தரத்திற்கு எவ்வளவு அலைக்கற்றை என்ற முடிவு எந்த ஊரின் கோபுரத்தைத் தீர்மானிக்கும் என்பது பற்றிய பொது விவாதம் அன்று இல்லை.

தொலைவின் சிக்கல் அதனால் தீர்ந்துவிடவில்லை. 2000-களின் நடுவில் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தொலைவு வை-ஃபை வழி இணைத்தது. மலிவான வை-ஃபை அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, திசைநோக்கு ஆன்டெனா பொருத்தி, முந்தியவர் பேசும் நெறிமுறையை நீக்கி நேரப்பங்கீட்டை மென்பொருளில் எழுதினர். வீட்டுக்குள் பயன்படும் தரத்தை எடுத்து, அசைவை விட்டு, தொலைவைப் பெறும் அதே பேரம். தேனி அனுபவத்தில் அலைப்பாதையைவிட ஊரக மின்வழங்கலின் ஏற்ற இறக்கமே கருவிகளைப் பெரிதும் கெடுத்தது என்று அக்குழுவே பதிவுசெய்துள்ளது.

ஆறு கிலோமீட்டர்

ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கான தேவைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, இந்தியத் தரப்பு முன்வைத்த கோரிக்கை ‘குறைந்த அசைவு, பெரிய வட்டாரம்’ என்பது. ஊராட்சித் தலைமை ஊரில் கோபுரம்; அதைச் சுற்றிய சிற்றூர்கள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்குள்; எனவே கோபுரத்திற்கும் கோபுரத்திற்கும் இடையே 6 கி.மீ. ஒன்றியத்தின் ஊரகச் சோதனைச் சூழல்களுள் ஒன்றாக, 700 மெகாஹெர்ட்ஸில் 6000 மீட்டர் என இது சேர்க்கப்பட்டது. இதில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அவ்வளாகத்தில் இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும், ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்காற்றின. கோரிக்கையின் பெயரிலேயே கார்டெக்டின் பேரம் எழுதப்பட்டுள்ளதைக் காணலாம். இம்முறை அசைவை முற்றாக விடவில்லை, குறைத்துக்கொண்டனர்.

இதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட நுட்பம், கைப்பேசியின் ஆற்றல் பெருக்கியை அதன் செறிவு எல்லைக்கு மிக அருகில் இயக்க இடந்தரும் ஒரு பண்பேற்ற முறை. அலையின் உச்சமும் சராசரியும் நெருங்கியிருப்பதால் அதே மின்கலம், அதே பெருக்கியிலிருந்து கூடுதல் ஆற்றல் வெளிப்பட்டு, வட்டாரத்தின் விளிம்பிலிருந்தும் குரல் கோபுரத்தை எட்டும். உலகத் தரத்தில் இது விருப்பத்தேர்வாக இருந்தது. இந்தியத் தரத்தில் கட்டாயமாக்கப்பட்டது. 5ஜிஐ எனப்பட்ட அத்தரத்தை 2020 நவம்பரில் ஒன்றியம் ஏற்றது. தனித் தரத்தால் கருவிகளின் விலை உயரும் என்று சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. 2021 டிசம்பரில் அதை உலகத் தரத்தின் பதினேழாம் வெளியீட்டோடு இணைக்க உடன்பாடு எட்டப்பட்டது. விலையைக் குறைக்கவே கார்டெக்டில் வேறுபட்ட வடிவமைப்பை நாடியவர்களின் வழிவந்தோர், வேறுபட்ட வடிவமைப்பே விலையை உயர்த்தும் என்ற வாதத்தை இவ்வாறு எதிர்கொள்ள நேர்ந்தது.